சாக்ரமெண்டோ ரிபப்ளிக் முதல் சீசனிலேயே கோப்பை வாங்கியும் ஏன் மேல் லீக்குக்குப் போகவில்லை?

நடுக்கோடு:
அமெரிக்கக் கால்பந்தில் எம்எல்எஸ் (மேஜர் லீக் சாக்கர், அங்கே முதல் டிவிஷன்) மட்டும்தான் அவ்வப்போது பார்ப்பேன். இப்போது அதற்கு அடுத்த படியான யூஎஸ்எல் சாம்பியன்ஷிப் பக்கம் போய், கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ ரிபப்ளிக் அணி பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், தலை சுற்றுகிறது. 2014-ல் முதல் சீசன், அந்த வருடமே சாம்பியன், மைதானம் நிறைய கூட்டம். ஐரோப்பாவாக இருந்தால் ஜெயித்த அணி மேல் லீக்குக்கு ஏறும் (புரமோஷன்), இந்நேரம் மேலே போயிருப்பார்கள். இங்கே பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் இரண்டாம் டிவிஷனிலேயே நிற்கிறார்கள். நடுவில் எம்எல்எஸ் இடம் கொடுத்ததாகவும் ஒரு இடத்தில் போட்டிருக்கிறது, அப்படியானால் அது என்ன ஆனது? ஆரம்ப வருடங்களில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். சும்மா "அங்கே புரமோஷன் கிடையாது" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

பழைய_கோல்கம்பம்:
முதலில் ஒரு திருத்தம். 2014-ல் அவர்கள் ஆடியது இரண்டாம் டிவிஷனே இல்லை, மூன்றாவது. அப்போது லீக்கின் பெயர் யூஎஸ்எல் புரோ. இரண்டாம் டிவிஷன் என்ற அந்தஸ்து என்ஏஎஸ்எல் என்கிற இன்னொரு லீக்கிடம் இருந்தது. 2017 ஜனவரியில்தான் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் யூஎஸ்எல்லுக்கும் தற்காலிகமாக இரண்டாம் டிவிஷன் அந்தஸ்து கொடுத்தது, அந்த ஒரு சீசன் மட்டும் இரண்டு லீக்குகளும் ஒரே தட்டில் நின்றன. அடுத்த வருடம் என்ஏஎஸ்எல் ஆடவே இல்லை. ஆக ரிபப்ளிக் ஒரு படி மேலே ஏறியது உண்மைதான், ஆனால் ஆடி ஜெயித்து ஏறவில்லை, லீக்கோடு சேர்ந்து மொத்தமாக ஏறியது. ஒரு விண்ணப்பம், ஒரு ஒப்புதல், அவ்வளவுதான்.

இரண்டாம் டிவிஷன் அந்தஸ்து வேண்டுமென்றால் சம்மேளனம் என்ன கேட்கிறது தெரியுமா? மைதானத்தில் குறைந்தது 5,000 இருக்கை, முக்கிய உரிமையாளருக்குக் குறைந்தது 2 கோடி டாலர் சொத்து, லீக்கில் முக்கால்வாசி அணிகள் 7.5 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரப் பகுதிகளில் இருக்க வேண்டும். புள்ளிப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

சரி, ஆரம்ப காலத்துக்கு வருவோம். கிளப்பைத் தொடங்கியவர் வாரன் ஸ்மித், அதே ஊரின் ரிவர் கேட்ஸ் பேஸ்பால் அணியில் வேலை பார்த்தவர், அதனால் அந்த ஊரில் டிக்கெட் எப்படி விற்கும் என்று அவருக்கு அத்துப்படி. 2012 டிசம்பரில் அறிவிப்பு, 2014-ல்தான் ஆட்டம். நடுவில் கிடைத்த அந்த வருடத்தில் ஆட்களைச் சேர்த்துவிட்டார்கள், ஆட்டக்காரர்களைச் சொல்லவில்லை, ரசிகர்களைச் சொல்கிறேன். 2014 ஏப்ரல் 26, முதல் ஹோம் மேட்ச், சாக்ரமெண்டோ சிட்டி காலேஜின் ஹியூஸ் ஸ்டேடியம், வந்தவர்கள் 20,231 பேர். மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு! எதிரணி பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஹாரிஸ்பர்க் சிட்டி ஐலாண்டர்ஸ். சொந்த மைதானம் அப்போது தயாராகவில்லை. கால் எக்ஸ்போ கண்காட்சித் திடலில் 8,000 இருக்கைகளோடு பான்னி ஃபீல்ட் ஜூன் மாதம்தான் திறந்தது. அந்த சீசனின் சராசரிக் கூட்டம் 11,000-ஐத் தாண்டியது, அந்த லீக்கில் அதற்கு முன் யாருக்கும் வராத கூட்டம்.

செப்டம்பர் 27 அன்று இறுதி ஆட்டமும் பான்னி ஃபீல்டிலேயே. எதிரில் மறுபடியும் அதே ஹாரிஸ்பர்க், 2-0 என்று ரிபப்ளிக் ஜெயித்தது.

ஆஃப்சைடு_அம்பி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் "புது அணி, முதல் வருடம், அற்புதம்" என்று பேசுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பயிற்சியாளர் யார் என்று பாருங்கள். பிரெகி! முழுப் பெயர் பிரெட்ராக் ரடோசாவ்லியெவிச், யுகோஸ்லாவியாவில் பிறந்து, இங்கிலாந்தில் எவர்டன், போர்ட்ஸ்மவுத் என்று ஆடி, கான்சாஸ் சிட்டியில் 1997, 2003 இரண்டு வருடமும் எம்எல்எஸ்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். 1998 கோல்டு கப் (வட, மத்திய அமெரிக்க நாடுகளின் போட்டி) அரையிறுதியில் பிரேசிலை அமெரிக்கா 1-0 என்று தோற்கடித்தது நினைவிருக்கிறதா, அந்த கோல் இவருடையதுதான். அப்புறம் சிவாஸ் யூஎஸ்ஏ, டொரொன்டோ என்ற எம்எல்எஸ் அணிகள் இரண்டுக்கும் பயிற்சியாளராக இருந்தார். மூன்றாம் டிவிஷனுக்கு இப்படி ஒரு ஆள் வந்தால் அணி எப்படி ஆடும்? நடுக்களத்தில் ரோட்ரிகோ லோபஸ் வேறு. போதாததற்கு எம்எல்எஸ் அணியான போர்ட்லேண்ட் டிம்பர்ஸோடு கூட்டு வைத்து எம்எல்எஸ் பையன்களைக் கடனாக வாங்கினார்கள். கஷ்டப்பட்டு ஆடினார்கள், மறுக்கவில்லை, ஆனால் காசும் திட்டமும் பின்னால் இருந்தன.

2015 நடுவில் பிரெகி கிளம்பிவிட்டார், பால் பக்கிள் வந்தார். அதற்குப் பிறகு அணி மோசமில்லை, ஆனால் அந்த முதல் வருட வேகம் திரும்ப வரவில்லை என்பது என் கருத்து. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. 2014-ல் லீக் ஆட்டங்களில் முதலிடம் ஆர்லாண்டோ சிட்டி. லீக் ஆட்டங்கள் முடிந்து கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் அவர்களை வெளியேற்றியது ஹாரிஸ்பர்க். அடுத்த வருடம் எம்எல்எஸ்ஸில் ஆடியது யார்? அதே ஆர்லாண்டோ! கோப்பை வாங்கிய அணி கீழே, பிளேஆஃபில் தோற்ற அணி மேலே. அவர்களுக்கு இடம் 2013-லேயே பேசி முடித்தாகிவிட்டது, ஆகவே அந்த வருட முடிவுகள் எதுவானாலும் நடந்திருப்பது இதுதான்.

நடுக்கோடு:
ஆர்லாண்டோ கதை எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி. அப்போ 2019-ல் எம்எல்எஸ் இவர்களுக்கு இடம் என்று அறிவித்தது? அது எப்படிக் கைநழுவியது?

பழைய_கோல்கம்பம்:
அதுதான் வயிற்றெரிச்சல். 2019 அக்டோபர் 21, எம்எல்எஸ் ஆணையர் டான் கார்பரே சாக்ரமெண்டோவுக்கு வந்து 29-வது அணி இதுதான் என்று அறிவித்தார். 2022-ல் ஆட்டம் தொடக்கம், சேர்க்கைக் கட்டணம் 20 கோடி டாலர். பழைய ரயில்வே பணிமனை நிலமான ரெயில்யார்ட்ஸ் பகுதியில் சுமார் 20,000 இருக்கையோடு மைதானம். பணம் போட வந்தவர் ரான் பர்க்கிள், பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் பங்கு வைத்திருந்த கோடீஸ்வரர். கோவிட் வந்ததும் 2023-க்குத் தள்ளினார்கள். 2021 பிப்ரவரியில் பர்க்கிள் விலகிக்கொண்டார். முடிந்தது.

கவனியுங்கள், இதில் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்றதால் எதுவும் போகவில்லை. கூட்டமும் குறையவில்லை. ஒரு மனிதர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார், ஊர் மொத்தமும் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டது. பிறகு 2023-ல் 30-வது இடம் சான் டியேகோவுக்குப் போனது, அதற்கான கட்டணம் 50 கோடி டாலர். நான்கு வருடத்தில் விலை இரண்டரை மடங்கு! கூட்டம் சேர்த்துக் காட்டினால் கதவு திறக்கும் என்று 2014-ல் நம்பியவர்கள் எட்டவே முடியாத தொகை அது.

கார்னர்_கொடி:
தாமதமாக வந்தேன். மேலே இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள், எம்எல்எஸ் இடம் கைவிட்டுப் போனதோடு கிளப் முடிந்துவிட்டது போலத் தோன்றும். 2022 யூஎஸ் ஓப்பன் கப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. ஓப்பன் கப்பில் எல்லா டிவிஷன் அணிகளும் மோதலாம். சான் ஹோசே எர்த்குவேக்ஸ், எல்ஏ கேலக்ஸி, ஸ்போர்ட்டிங் கான்சாஸ் சிட்டி என்று வரிசையாக மூன்று எம்எல்எஸ் அணிகளை ரிபப்ளிக் வீழ்த்தியது. கேலக்ஸியை அவர்கள் ஊரிலேயே போய் 2-1. கான்சாஸோடு அரையிறுதி 0-0, பெனால்டியில் 5-4, கடைசி உதையை அடித்தது 2014 அணியில் இருந்த அதே லோபஸ். இடையில் வேறு ஊர்களுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர். எம்எல்எஸ்ஸுக்கு வெளியே இருந்து ஓர் அணி இறுதிக்கு வந்தது 2008-ல் சார்ல்ஸ்டன் பேட்டரிக்குப் பிறகு அதுதான் முதல் முறை. இறுதியில் யார் எதிரே தெரியுமா, ஆர்லாண்டோ சிட்டி. 75 நிமிடம் வரை கோலே விழவில்லை, அப்புறம் 3-0 ஆகிவிட்டது.

இன்னொன்று, 2024 நவம்பரில் வில்டன் ராஞ்சேரியா என்ற பூர்வகுடி மக்களின் அமைப்பு கிளப்பின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ரெயில்யார்ட்ஸ் மைதானத் திட்டமும் திரும்ப உயிர் பெற்றிருக்கிறது. 2025 மார்ச்சில் யூஎஸ்எல் உரிமையாளர்கள் தங்கள் லீக்குகளுக்குள் புரமோஷன், ரிலகேஷன் (கீழ் லீக்குக்கு இறக்கம்) கொண்டுவர ஓட்டுப் போட்டார்கள், கூடவே தனியாக ஒரு முதல் டிவிஷன் லீக் தொடங்கவும் திட்டம். ஆகவே நடுக்கோடு, இனி "மேலே போவது" என்றால் எம்எல்எஸ் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஃப்சைடு_அம்பி:
ஓட்டுப் போட்டது சரி, புதிய லீக் நடக்கட்டும், பிறகு பேசலாம். முதல் டிவிஷனுக்குச் சம்மேளனம் கேட்பது இன்னும் பெரிய மைதானம், இன்னும் கனமான உரிமையாளர். மறுபடியும் அதே பரீட்சைதான்.