ஹீட்டர் நாசில் ஸ்ப்ரே சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

குளிர்க்காரன்:
பைப்பர் செனகா விமானம், கேபினைச் சூடாக்கப் பெட்ரோலை எரிக்கும் ஜானிட்ரால் ஹீட்டர். ஸ்விட்ச் போட்டதும் பிடிப்பதில்லை, கொஞ்ச நேரம் கழித்து ‘டம்’ என்று ஒரு சத்தத்தோடு பிடிக்கிறது, எக்ஸாஸ்டில் கரும்புகை வேறு. ஸ்பார்க் பிளக் புதுசு. பெட்ரோலைத் தூவும் நாசில் மேல்தான் சந்தேகம். மெல்லிய கம்பி விட்டுக் குத்தினால் அடைப்பு போய்விடும் என்கிறார் ஹேங்கரில் ஒருவர். செய்யலாமா?

ரென்ச்:
கம்பியா? வேண்டவே வேண்டாம். அந்தத் துளையின் விளிம்பில் சின்னக் கீறல் விழுந்தாலே ஸ்ப்ரே ஒரு பக்கமாகச் சாயும், தீ எரிகுழாயின் ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் அங்கே விரிசல் விட்டு எக்ஸாஸ்ட் புகை கேபின் காற்றோடு கலக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. மேனுவலில் சொன்ன கரைப்பானில் ஊறவைத்து, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதுங்கள். சரியாகவில்லை என்றால் புது நாசில்தான்.

சோதனையை பெஞ்சில் வைத்துச் செய்வது நல்லது. விமானத்திலேயே பார்க்க முயன்றால், எரிகாற்று வராதவரை பிரஷர் ஸ்விட்ச் பெட்ரோலை விடாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பெஞ்சில் மேனுவலில் உள்ள அழுத்தம் கொடுத்தால் மெல்லிய மூடுபனி மாதிரி சமமான கூம்பு வரவேண்டும். நடுவில் கோடு கோடாக வந்தாலோ, வால்வை மூடிய பிறகு சொட்டினாலோ அது தேறாது. வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் பிடிக்கும் பாத்திரத்துக்கு எர்த் கொடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பழைய கை:
ரென்ச் சொன்னது சரி, ஆனால் நாசில் மேல் மட்டும் பழி போடாதீர்கள் தம்பி. பிளக் புதுசு என்றால் போதுமா? பிளக்குக்கு மின் துடிப்பு தரும் வைப்ரேட்டரின் பாயிண்ட் தேய்ந்திருந்தாலும் ஸ்பார்க் பலவீனமாகி இதே ‘டம்’ வரும், தீ பிடிப்பதற்குள் உள்ளே பெட்ரோல் சேர்ந்துவிடுவதுதான் காரணம். அப்படி எத்தனை முறை வெடித்ததோ தெரியாது, அதனால் எரிகுழாயையும் அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். ஜானிட்ராலின் பி வரிசை ஹீட்டர் என்றால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் 2004-21-05 உத்தரவே அந்தச் சோதனையைக் கேட்கிறது.

பிடிக்காத ஹீட்டரைப் பறக்கும்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கவும் கூடாது. 1985 டிசம்பர் 31-ல் பாடகர் ரிக்கி நெல்சன் இறந்த டிசி-3 விமானத் தீவிபத்தில் இந்தப் பேச்சுதான் அடிபட்டது, ஹீட்டர்தான் காரணம் என்று விசாரணையில் உறுதியாகவில்லை என்பது வேறு விஷயம்.

குளிர்க்காரன்:
நன்றி அண்ணா, நன்றி ரென்ச். பெஞ்சில் பார்த்தாயிற்று, கூம்பின் இடது பக்கம் தடித்த கோடு, மூடிய பிறகும் சொட்டுகிறது. புது நாசிலுக்குச் சொல்லிவிட்டேன். வைப்ரேட்டரையும் கழற்றி வைத்திருக்கிறேன். கசிவுச் சோதனை முடியும்வரை ஹீட்டர் பிரேக்கரை இழுத்து ‘பயன்படுத்தாதே’ அட்டை மாட்டியாயிற்று, விமானிதான் குளிருது என்று புலம்புகிறார்.