தம்பி காவலர் தேர்வுக்குத் தயாராகிறான், கயிறும் மார்பளவும்தான் சிக்கல்

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 20 வயது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதப் போகிறான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்றாலும் பன்னிரண்டு முடித்திருக்கிறான். 171 செ.மீ. உயரம், பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அதனால் 170 என்ற வரம்பைத் தாண்டிவிடுவான். எழுத்துத் தேர்வு பற்றியும் பெரிய கவலை இல்லை. தமிழ்த் தகுதித் தாளில் 80க்கு 32 வாங்கினால்தான் 70 மதிப்பெண் முதன்மைத் தாளையே திருத்துவார்கள் என்பதால் இலக்கணத்தை இப்போதே பிடித்துக்கொண்டான்.

சிக்கல் மைதானத்தில்தான். மார்பு சாதாரணமாக 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். இவனுக்கு 82 இருக்கிறது, ஆனால் எத்தனை முறை அளந்தாலும் விரிவு 4க்கு மேல் போகவில்லை. டேப்பை நான்தான் பிடிக்கிறேன், ஒருவேளை என் கைதான் தப்போ என்னவோ! 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இவன் இன்னும் 7:20இல் நிற்கிறான். கயிறு ஏறுவதற்கு வீட்டுப் புளியமரத்தில் வடம் கட்டியிருக்கிறோம். மூன்று மீட்டர் ஏறியதும் கை நழுவுகிறது, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

தேர்வாகி வந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்: மார்பு விரிவுக்கு என்ன பயிற்சி செய்தீர்கள்? கயிற்றில் காலை எப்படிப் பின்ன வேண்டும்? அப்புறம், ஓட்டமும் கயிறும் ஒரே நாளில் செய்யலாமா?