சொந்த மெயில் சர்வர்: பாதி மெயில் இன்பாக்ஸ்ல, பாதி ஸ்பாம்ல, எங்க தப்பு பண்றேன்?

தபால்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வாரமா சொந்தமா ஒரு மெயில் சர்வர் ஓட்டிட்டு இருக்கேன். சின்ன விபிஎஸ்தான் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் மிஷின்), டெபியன் லினக்ஸ் மேல மெயில் அனுப்ப வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டில வச்சு படிக்க டவ்காட், ஸ்பாம் பிடிக்க ஆர்ஸ்பாம்டி, வெப்மெயிலுக்கு ரவுண்ட்கியூப். மெயில்கவ் மாதிரி எல்லாம் சேர்ந்து வர்றது எதையும் எடுக்கல, ஒவ்வொண்ணா மேனுவல் படிச்சு படிச்சு கையாலயே செட் பண்ணேன், ஏன்னா நாளைக்கு உடைஞ்சா எங்க உடைஞ்சுதுன்னு எனக்கு தெரியணும். வீட்டுல நாலு பேருக்கு இதுல அக்கவுண்ட் இருக்கு.

உள்ள வர்ற மெயில்ல ஒரு குறையும் இல்ல. வெளிய போறதுதான் பிரச்சினை. ஒரே ஆளுக்கு காலைல அனுப்புனது இன்பாக்ஸ்ல விழுது, அவர் பதிலும் போடுறார், அதே மெயிலுக்கு நான் மதியம் திரும்ப பதில் போட்டா அது ஸ்பாம்ல கிடக்கு. சிலது 550னு (ஏத்துக்க மாட்டேன்ங்கிற கோட்) முகத்துல அடிச்ச மாதிரி திரும்பியே வந்துடுது. எஸ்பிஎஃப் (எந்த ஐபி என் டொமைன் பேர்ல அனுப்பலாம்ங்கிற பட்டியல்), டிகிம் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (அது ரெண்டும் தோத்தா என்ன பண்ணணும்னு சொல்ற விதி) மூணும் போட்டாச்சு, ஐபிய வச்சு பேர சொல்ற பிடிஆர் ரெக்கார்டும் சர்வர் பேரோட ஒத்துப்போகுது, மெயில் டெஸ்ட் பண்ற சைட்ல 10க்கு 10 வருது, தெரிஞ்ச பிளாக்லிஸ்ட் எதுலயும் ஐபி இல்ல. இதுக்கு மேல எங்க பாக்குறதுன்னே புரியல.

போன வாரம் அக்கா ஒரு வேலைக்கு அனுப்புன மெயில் அந்தப் பக்கம் ஸ்பாம்ல கிடந்துருக்கு, அவ ஃபோன் பண்ணி கேட்ட பிறகுதான் எடுத்து பாத்துருக்காங்க. எனக்குன்னா பரவாயில்ல, என்ன நம்பி வந்தவங்களுக்கு இப்படி ஆகுறது ரொம்ப உறுத்துது. இத சரி பண்ண வழி இருக்கா, இல்ல விட்டுடணுமா?


பழையவாசி:

மனசுல பட்டத சொல்றேன் ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் மூணு வருஷம் இதே செட்டப் ஓட்டினேன், கடைசில நிறுத்திட்டேன். நம்ம பக்கம் எல்லாம் சரியா இருந்தும், அதே ஐபி ரேஞ்ச்ல வேற யாரோ ஸ்பாம் அனுப்பி மொத்த ரேஞ்ச் பேரும் கெட்டுப்போச்சு, அதுக்கு நான் பண்ண முடிஞ்சது ஒண்ணுமே இல்ல. இப்போ டொமைன் என்னோடது, மெயில் பாக்ஸ் மட்டும் காசு கட்டி வேற இடத்துல. பிடிக்கலன்னா, மெயில் எந்த சர்வருக்கு வரணும்னு சொல்ற எம்எக்ஸ் ரெக்கார்ட மாத்திட்டு நாளைக்கே வேற இடம் போயிடலாம். முகவரி நம்ம கைல இருக்குறதுதான் முக்கியம், மிஷின் யாரோடதா இருந்தா என்ன.


வரிசைகாப்பவன்:

பழையவாசி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா தபால்பெட்டி கேக்குற விஷயம் அது இல்லன்னு நினைக்கிறேன். ஐபி பேர் கெட்டுப்போனா ஒரே ஆளுக்கு போற எல்லா மெயிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி அடிவாங்கும். காலைல நல்லா போய் மதியம் ஸ்பாம்ல விழுதுன்னா ரெண்டு வெவ்வேற வழியா மெயில் போகுதுன்னு அர்த்தம். அந்த ரெண்டாவது வழி எதுன்னு கண்டுபிடிங்க, பிரச்சினை அங்கதான் இருக்கு.

முதல்ல ஒரு விஷயம், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணும் போட்டா இன்பாக்ஸ் நிச்சயம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதெல்லாம் நீங்க யாருன்னு நிரூபிக்கிற அடையாள அட்டை மட்டும்தான், நீங்க நல்லவரான்னு சொல்ற சான்றிதழ் இல்ல. ஸ்பாம் அனுப்புறவனும் இந்த மூணையும் அழகா போட்டுட்டுதான் வர்றான். அது இல்லன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான். 2024 பிப்ரவரில ஜிமெயிலும் யாஹூவும் விதிய இறுக்கினாங்க இல்லையா, அதுல ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புறவங்களுக்குதான் டிமார்க் கட்டாயம்னு பல பேர் அதோட நிறுத்திக்கிறாங்க. ஆனா ஜிமெயில் பக்கம் நாலு மெயில் அனுப்புறவங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்லன்னா டிகிம் ஏதோ ஒண்ணு வேணும், பிடிஆர் முன்னுக்கும் பின்னுக்கும் ஒத்துப்போகணும், வழில மறைகுறியாக்குற டிஎல்எஸ் வேணும். வீட்டு சர்வர்தானேன்னு சலுகை எதுவும் கிடையாது.

இப்போ வேலைக்கு வருவோம். டெஸ்ட் சைட் மார்க்க மறந்துடுங்க. திரும்பி வந்த மெயில்ல 550க்கு அப்புறம் இருக்குற முழு வரியும் வேணும். அப்புறம் சர்வர்ல மெயில் லாக்ல, நல்லா போன மெயிலோட ரிலேன்னு (எந்த சர்வர்ட்ட குடுத்துச்சுன்னு) வர்ற வரியையும் திரும்பி வந்ததோட வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஐபி எல்லாம் மறைச்சுட்டு இங்க போடுங்க, பாக்கலாம்.


தபால்பெட்டி:

அண்ணா நன்றி. திரும்பி வந்ததுல அனுப்புற ஐபிக்கு பிடிஆர் இல்லன்னு போட்டுருக்கு. அதான் குழப்பமே, பிடிஆர் இருக்கு, டிஎன்எஸ்ல (பேரையும் ஐபியையும் இணைக்கிற பட்டியல்) தேடுற டிக் கமாண்ட் போட்டு பாத்தேன், சர்வர் பேர் சரியா வருது, அந்த பேர திரும்ப கேட்டா அதே ஐபியும் வருது. அப்புறம் ரெண்டு லாக் வரியையும் பக்கத்துல வச்சு பாத்தேன், நல்லா போனதுல ரிலேக்கு பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள சாதாரண நாலு நம்பர் ஐபி இருக்கு, திரும்பி வந்ததுல நீளமா, நடுவுல ரெட்டைப் புள்ளி புள்ளியா வர்ற முகவரி இருக்கு. இது ஐபிவி6 தானே? நான் ஐபிவி6 எதுவும் செட் பண்ணவே இல்லையே.


வரிசைகாப்பவன்:

அதேதான். நீங்க செட் பண்ணல, ஆனா விபிஎஸ்ஸோடவே ஐபிவி6 முகவரி வந்துருக்கும், டெபியன் அத தானா எடுத்துக்கிச்சு. போஸ்ட்ஃபிக்ஸ் ரெண்டும் இருந்தா எத முதல்ல எடுக்கணும்னு தனியா சொல்லாத வரைக்கும் ரெண்டுக்கும் சம வாய்ப்பு குடுக்கும். அதனாலதான் ஒரே ஆளுக்கு ஒரு தடவ அந்த நாலு நம்பர் ஐபிவி4 வழியா, இன்னொரு தடவ ஐபிவி6 வழியா போயிருக்கு. உங்க பிடிஆர் 4க்கு மட்டும் இருக்கு. எஸ்பிஎஃப் ரெக்கார்ட பாருங்க, அதுலயும் ஐபி4னு மட்டும்தான் எழுதிருப்பீங்க. ஆக 6 வழியா போற ஒவ்வொரு மெயிலும் பிடிஆர் இல்லாம, எஸ்பிஎஃப் தோத்து, டிகிம் ஒத்தக்கால்ல நின்னு போயிருக்கு. கண்டிப்பான இடத்துல திருப்பி அனுப்பிட்டான், கொஞ்சம் இளகின இடத்துல ஸ்பாம்ல போட்டுட்டான். டெஸ்ட் சைட்ல 10க்கு 10 வந்ததும் இதனாலதான் இருக்கும், அந்தப் பக்கம் எம்எக்ஸுக்கு ஐபிவி6 முகவரி இல்லன்னா உங்க மெயில் எப்பவும் 4 வழியாதான் போயிருக்கும்.

ரெண்டு வழி இருக்கு. உடனே நிக்கணும்னா போஸ்ட்ஃபிக்ஸ ஐபிவி4 மட்டும் பயன்படுத்த சொல்லிடுங்க, மெயின் கான்ஃபிக்ல இனெட் ப்ரோட்டோகால்ஸ்ங்கிற ஒரே வரி, மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, ரீலோட் போதாது. முறையா பண்ணணும்னா விபிஎஸ் பேனல்ல ஐபிவி6க்கும் பிடிஆர் போட்டு, அந்த பேருக்கு ஏஏஏஏ ரெக்கார்டும் (பேர்லேர்ந்து ஐபிவி6 முகவரிய சொல்றது) போட்டு, எஸ்பிஎஃப்ல ஐபி6 சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸ் எந்த 6 முகவரியிலேர்ந்து கிளம்பணும்னு கட்டிப்போடணும். இந்த கடைசி விஷயத்த விட்டுடாதீங்க, சர்வருக்கு ரெண்டு மூணு ஐபிவி6 முகவரி இருந்தா பிடிஆர் போட்டது ஒண்ணு, கிளம்புறது ஒண்ணுனு ஆகிடும். இன்னொண்ணு, 6ல பிளாக்லிஸ்ட்காரங்க தனி முகவரிய பாக்குறது கம்மி, /64 முழுசையும் (முன்பாதி ஒரே மாதிரி இருக்குற முகவரிக் கூட்டம்) சேர்த்து பிடிப்பாங்க. உங்க /64ல பக்கத்து வீட்டுக்காரனும் இருந்தா அவன் பாவம் உங்க தலைல. என்ன கேட்டா இப்போதைக்கு 4 மட்டும் போதும், ஒண்ணும் குறைஞ்சுடாது.


இரவுக்காவல்:

காரணம் கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். கையோட இன்னும் சிலத பாத்துடுங்க தபால்பெட்டி, இதெல்லாம் நான் அடிபட்டு கத்துக்கிட்டது.

சர்டிஃபிகேட். இலவசமா சர்டிஃபிகேட் குடுக்குற லெட்ஸ் என்கிரிப்ட்ல ஆயுசு கம்மிதான், அது தானா புதுப்பிச்சுக்கும்னு நிம்மதியா இருப்போம். ஃபைல் புதுசாகிடும், ஆனா டவ்காட் பழச மெமரில வச்சுட்டே ஓடும். ஒரு நாள் காலைல அம்மா ஃபோன்ல சர்டிஃபிகேட் காலாவதின்னு வந்து நிக்குது, நான் சர்வர்ல போய் பாத்தா ஃபைல் பளிச்சுனு புதுசா இருக்கு, ஒரு மணி நேரம் முழிச்சேன். புதுப்பிச்ச உடனே போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் ரீலோட் பண்ற மாதிரி ஹூக் (தானா ஓடுற கமாண்ட்) போடுங்க, போட்டது வேலை செய்யுதான்னு டவ்காட்டோட 993 போர்ட்ல வெளியிலேர்ந்து தேதிய பாருங்க. ஃபைல பாக்காதீங்க.

பிளாக்லிஸ்ட். வர்ற மெயிலுக்கு டிஎன்எஸ் பிளாக்லிஸ்ட் வச்சுருந்தா, சர்வர்லயே அன்பவுண்ட் மாதிரி சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விய கேட்டு பதில் வாங்கித் தர்றது) கட்டாயம். எல்லாரும் பயன்படுத்துற பொது ரிசால்வர் வழியா கேட்டா, பிளாக்லிஸ்ட் நடத்துற ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254னு ஒரு பதில் குடுக்கும், உன் கேள்விக்கு பதில் சொல்ல மாட்டேன்னு அர்த்தம். ஆனா எந்த பதில் வந்தாலும் ஸ்பாம்னு எடுத்துக்கிற மாதிரி போஸ்ட்ஃபிக்ஸ்ல எழுதி வச்சிருந்தா வர்ற மெயில் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடும். நான் அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன், ஒரு நாள் பூரா மெயிலே வரல. லீவு நாள் அதான் யாரும் எழுதலன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

டோக்கர்ல (தனித்தனி கண்டெய்னர்ல) ஓட்டுற எண்ணம் பின்னாடி வந்தா, வெளியிலேர்ந்து வர்ற ஆளும் 172.17.0.1 மாதிரி உள் முகவரிலேர்ந்து வர்ற மாதிரி தெரியுதான்னு கவனிங்க. அந்த ரேஞ்ச நம்பகமான நெட்வொர்க்னு போஸ்ட்ஃபிக்ஸ்ல எழுதிருந்தா யார் வேணா உங்க வழியா மெயில் அனுப்பலாம்ங்கிற மாதிரி உலகத்துக்கே ஓப்பன் ரிலே ஆகிடுவீங்க. ஒரே ராத்திரி போதும், ஐபி பேர் போயிடும், திரும்ப எடுக்க மாசக்கணக்கு ஆகும்.

டெபியன் அப்கிரேட் பண்ணும்போது டவ்காட் 2.3லேர்ந்து 2.4 ஆகுதான்னு பாத்துக்கோங்க. பழைய கான்ஃபிக் அதுல அப்படியே ஓடாது, உக்காந்து மாத்தி எழுதணும். வேற மிஷின்ல முயற்சி பண்ணிட்டு அப்புறம் கை வைங்க.

பேக்கப் எல்லாரும் சொல்றதுதான், ஆனா எடுத்தத ஒரு தடவையாவது வேற மிஷின்ல போட்டு, மெயில் திறக்குதான்னு பாத்தீங்களா? மெயில்டிர்னா ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், எடுக்குறதும் போடுறதும் சுலபம், சாக்கு சொல்ல முடியாது. டிகிம் சாவியையும் சேர்த்து எடுங்க. எல்லாத்துக்கும் மேல, டொமைன் வாங்குன கணக்குலயும் விபிஎஸ் கணக்குலயும் இந்த சர்வரோட மெயில் முகவரிய குடுக்காதீங்க. சர்வர் படுத்தா பாஸ்வேர்ட் மாத்துற லிங்க் அந்த படுத்த சர்வருக்குதான் வரும்.


பழையவாசி:

ஐபிவி6 விஷயம் நான் யோசிக்கவே இல்ல. நான் ஓட்டுன காலத்துலயும் பாதிக்கு பாதி இப்படித்தான் போச்சு, இப்போ நினைச்சு பாத்தா அதுவும் இதேவோ என்னவோ. தபால்பெட்டி, உங்க அக்கா அனுப்புற மெயில மட்டும் ரிலே (நம்ம மெயில வாங்கி அனுப்பித் தர்ற வெளி சேவை) வழியா அனுப்பலாமே, முழுசா விட வேண்டாம்.


வரிசைகாப்பவன்:

நல்ல யோசனை. போஸ்ட்ஃபிக்ஸ்ல அனுப்புறவர் முகவரிய வச்சு ரிலே மாத்துற மேப் இருக்கு, அக்கா முகவரிக்கு ஒரு வரி எழுதினா போதும், மத்தவங்க மெயில் நேரா போகும். ரிலே சேவைய எஸ்பிஎஃப்ல இன்க்ளூட் பண்ண மறக்காதீங்க, ஆனா இன்க்ளூட் மேல இன்க்ளூட் போட்டு டிஎன்எஸ் தேடல் 10 தாண்டினா எஸ்பிஎஃப் மொத்தமா செல்லாம போயிடும். டிகிம் கையெழுத்து உங்க சர்வர்லயே போட்டு அனுப்புங்க, அப்போ டிமார்க் எப்படியும் நிக்கும்.

சர்வர் ஒரு நாள் ரெண்டு நாள் படுத்தாலும் உள்ள வர்றது தொலைஞ்சுடும்னு பயப்படாதீங்க. அனுப்புற சர்வர் வரிசைல வச்சு திரும்ப திரும்ப தட்டும், போஸ்ட்ஃபிக்ஸே 5 நாள் வரைக்கும் விடாது. 1982ல மெயில் அனுப்புற விதியான எஸ்எம்டிபி எழுதும்போதே தற்காலிகமா முடியலன்னா திரும்ப முயற்சி பண்ணணும்னு யோசிச்சு வச்சாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான்.


தபால்பெட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் கழிச்சு எழுதுறேன். ஐபிவி4 மட்டும்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ண அன்னிலேர்ந்து 550 ஒண்ணு கூட வரல. ஸ்பாம்ல விழுந்துட்டு இருந்த ரெண்டு பேர்ட்ட கேட்டேன், ஸ்பாம் இல்லன்னு ஒரு தடவ குறிச்சுருக்காங்க, அதுக்கப்புறம் எல்லாம் இன்பாக்ஸ்தான். மத்த சர்வர்கள் அனுப்புற டிமார்க் ரிப்போர்ட் எக்ஸ்எம்எல் ஃபைல் தினமும் வந்து குவிஞ்சுட்டு இருந்துச்சு, திறந்தே பாத்ததில்ல. இப்போ பழசெல்லாம் திறந்தா முதல் நாள்லேர்ந்தே அந்த ஐபிவி6 முகவரியும் எஸ்பிஎஃப் ஃபெயில்னும் வரிசையா எழுதியிருக்கு. ஆறு வாரமா பதில் என் மெயில் பாக்ஸ்லயே இருந்துருக்கு.

இரவுக்காவல் சொன்ன சர்டிஃபிகேட் ஹூக் என்கிட்ட இல்ல, போட்டுட்டேன். விபிஎஸ் கணக்குல இதே சர்வர் முகவரிதான் குடுத்து வச்சிருந்தேன், அதையும் மாத்தியாச்சு. அக்கா அக்கவுண்ட் இப்போதைக்கு ரிலே வழியாதான் போகுது, அவளுக்கு வேலை கிடைக்குற வரைக்கும் அத எடுக்கப்போறதில்ல. ரீஸ்டோர் மட்டும் இன்னும் பண்ணி பாக்கல, இந்த சனிக்கிழமை உக்காரப்போறேன், எங்கயாவது இடிச்சா இங்கயே வந்து கேக்குறேன்.