செடி தின்னும் மீன்களோடு உயரமான செடிகளை வளர்க்க வழி உண்டா?

நெடுந்தொட்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 5 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 560 லிட்டர் கொள்ளும். அதில் 6 சில்வர் டாலர் மீன்களும் ஓர் ஆஸ்கர் மீனும் மூன்று ஆண்டுகளாக வளர்கின்றன. பின்புறக் கண்ணாடியை மறைக்கும் அளவுக்கு உயர்ந்த செடிகள் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எந்த மீனும் தொடாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கபோம்பாவும் அமேசான் வாள் செடியும் வாங்கி வந்து நட்டேன். விடிவதற்குள் கபோம்பாவில் வெறும் காம்புகளே எஞ்சியிருந்தன. வாள் செடியோ நான்காம் நாள் வேரோடு மிதந்தது. எங்களுடையது கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர். செடிகளுக்குக் கரியமில வாயு செலுத்தும் உருளை வைக்கும் எண்ணம் எனக்கில்லை. பிளாஸ்டிக் செடிகளை வைக்கவும் மனம் ஒப்பவில்லை. இந்த மீன்களுக்குத் தாக்குப்பிடிக்கும் செடி எது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பாசிக்கரை:

ஐயா, உங்கள் தொட்டியில் நடந்திருப்பவை இரண்டு தனித்தனிச் சேதங்கள். ஆஸ்கர் செடியைத் தின்பதில்லை. மணலைக் கிளறும்போதும், தனக்கு இடம் பிடிக்கும்போதும் செடியைப் பிடுங்கி எறியும். சில்வர் டாலர் பிரானாவுக்கு உறவான மீன் என்றாலும் பெரும்பாலும் தாவரங்களைத் தின்றே வாழ்வது. மென்மையான இலை எதுவும் அதற்குக் கீரைதான். ஆகவே, மண்ணில் நடத் தேவையில்லாததாகவும், இலை தடித்தோ கசந்தோ இருப்பதாகவும் உள்ள செடியே உங்களுக்குப் பொருந்தும்.

என் முதல் பரிந்துரை அனுபியாஸ் பார்ட்டெரி. மேற்கு ஆப்பிரிக்க ஆற்றோரங்களில் வளரும் இச்செடி சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கை உரிக்கும்போது கையை அரிக்க வைக்கும் அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் இருப்பதால், கடித்துப் பார்க்கும் மீன் பெரும்பாலும் விட்டுவிடும். இஞ்சியைப் போலப் படுத்து வளரும் இதன் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும் என்பதை மறவாதீர்கள். மரக்கட்டையில் நைலான் நரம்பால் கட்டலாம். ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டியும் வைக்கலாம்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ‘நானா’ வகை குட்டையானது. ஆகவே, பெரிய இலையுள்ள பார்ட்டெரி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அதுவும் ஓரடியை ஒட்டியே வளரும். உயரமான கட்டை ஒன்றைப் பின்புறம் நிறுத்தி, அதன் நடுப்பகுதியிலிருந்து மேல்வரை செடிகளைக் கட்டினால், செடி எட்டாத உயரத்தைக் கட்டை எட்டிவிடும். அதே கட்டையின் இடைவெளிகளில் ஜாவா ஃபெர்னையும் செருகலாம். அதன் முதிர்ந்த இலைகளின் நுனியிலேயே குட்டிச் செடிகள் முளைப்பதால் ஒருமுறை வாங்கினால் போதும்.

இரண்டுமே மெதுவாக வளர்பவை. அனுபியாஸ் மாதத்துக்கு ஓரிரு இலை விட்டாலே அதிகம். அதனால் விளக்கொளி மிகுந்தால் இலைமேல் பாசி படியும். என் தொட்டியில் நாளொன்றுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரிவதில்லை.

மண்ணிலிருந்தே உயர வேண்டுமானால் வாலிஸ்னேரியா ஜைகான்டியாவை முயன்று பார்க்கலாம். ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். கடின நீரும் அதற்கு ஏற்றதே.

கண்ணாடிக்குளம்:

மேலே சொன்னவற்றுள் வாலிஸ்னேரியாவை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தங்கமீன் தொட்டியில் அது தப்பிக்கக்கூடும். சில்வர் டாலர்களிடம் தப்பாது. வலைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு மாதம் வேரூன்றவிட்ட பிறகே நான் தடுப்பை எடுத்தேன். அப்படியும் பத்தே நாளில், புல்வெட்டும் இயந்திரம் ஓடியதுபோல எல்லாம் சாண் உயரத்துக்கு வந்துவிட்டன. அதற்கு மாற்றாக நான் வைத்த கிரைனம் தாயானம் இன்றும் நிற்கிறது. தோட்டத்து விஷமூங்கிலுக்கு நெருங்கிய உறவான இதன் இலை நாடாவைப்போல் நீண்டு, நீர்மட்டத்தைத் தொட்டபின் மேற்பரப்பிலேயே படர்ந்து செல்லும். இயற்கையில் இது தென் தாய்லாந்தின் ஓடைகளில் மட்டுமே வளர்வது. அங்கே அருகிவரும் இனமும் கூட. ஆகவே, பண்ணையில் வளர்த்ததா என்று விசாரித்து வாங்குங்கள்.

நெடுந்தொட்டி:

இருவருக்கும் நன்றி. கட்டையும் அனுபியாஸும் இந்த வாரமே வாங்கிவிடுகிறேன். கிரைனம் கிழங்கை எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்? ஆஸ்கர் அதையும் பிடுங்கிவிடாதா?

கண்ணாடிக்குளம்:

வெங்காயம் போன்ற அந்தக் கிழங்கின் பாதி மணலுக்கு மேலே தெரிய வேண்டும். முழுவதும் புதைத்தால் அழுகும். ஆஸ்கர் இருப்பதால் நேராக மணலில் நட வேண்டாம். அகன்ற மண்சட்டியில் சரளை நிரப்பி நட்டு, கிழங்கைச் சுற்றிக் கைக்கடங்கும் அளவுள்ள கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்கிவிட்டால், ஆஸ்கரால் புரட்ட முடியாது. நட்ட சில வாரங்களில் பழைய இலைகள் சில உதிரலாம். அதைக் கண்டு இடம் மாற்றாதீர்கள், வேரை அசைத்தால் அச்செடி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பாசிக்கரை:

வாலிஸ்னேரியா பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். என் தொட்டியில் இருப்பவை ஆஸ்கர்கள் மட்டுமே. ஒன்று விடுபட்டது. புதுச் செடிகளை வைக்கும் அன்று காலையிலேயே சில்வர் டாலர்களுக்குக் கொதிநீரில் வாட்டிய பாலக்கீரையோ வெள்ளரித் துண்டோ வயிறாரக் கொடுத்துவிடுங்கள், பிறகும் வாரத்தில் மூன்று நாளாவது கொடுங்கள். பசித்த சில்வர் டாலர் அனுபியாஸின் இளந்தளிரைக்கூட விட்டுவைப்பதில்லை.