ஐந்து பேர் இருக்கும் பெரிய போக்கர் பாட்டுக்குள் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) கிங் ஜோடியுடன் போனது என் தவறா?

ஒன்டாரியோத் தமிழன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற ஒரு தளத்தில், 5/10 சென்ட் பிளைண்டுக்கு (சீட்டுக்கு முன்பே ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10 சென்ட் என இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) ஆறு பேர் ஆடும் ஹோல்டம் போக்கர் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு) மேசைகளில் ஏறத்தாழ ஓராண்டாக ஆடிவருகிறேன். மோசமான சீட்டுகளில் நான் அதிகம் இழப்பதில்லை. கிங் ஜோடியும் குயின் ஜோடியும் வரும்போதுதான் மொத்தமாகப் போகிறது. நேற்றிரவு நடந்த ஆட்டம் ஒன்றைப் பாருங்கள்.

எல்லோரிடமும் 10 டாலர் இருந்தது. முதலில் பேசியவர் 30 சென்டுக்கு உயர்த்தினார். அடுத்தவர் கால் செய்தார் (அதே தொகையைக் கட்டினார்). டீலர் பட்டனுக்கு (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இருக்கை) முந்தைய இருக்கையில், ஸ்பேட் கிங்கும் டைமண்ட் கிங்கும் வைத்திருந்த நான் 90 சென்டுக்கு ரீ-ரெய்ஸ் செய்தேன். பட்டன், ஸ்மால் பிளைண்ட், முதலில் உயர்த்தியவர், அவருக்கு அடுத்தவர் என நால்வரும் கால் செய்ய, பிக் பிளைண்ட் ஒருவர் மட்டும் விலகினார். 4.60 டாலர் பாட்டுடன் ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்தது: ஹார்ட் 9, ஹார்ட் 8, கிளாவர் 4. ஸ்மால் பிளைண்ட் மீதமிருந்த 9.10 டாலரையும் ஆல்-இன் வைத்தார். இடையில் இருந்த இருவரும் ஃபோல்டு செய்தனர், நான் கால் செய்தேன், பட்டனும் விலகிவிட்டார். எதிராளி காட்டியது ஸ்பேட் 9, ஸ்பேட் 8; அதாவது இரண்டு ஜோடி, என் ஒற்றை ஜோடியைவிட மேல்.

ஃப்ளாப்பில் நான் விலகியிருக்க வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். குயின் ஜோடியுடன் நான் முதலில் 30 சென்டுக்கு உயர்த்தி, அடுத்தவர் ஒரு டாலருக்கு உயர்த்தி, அதன்மேல் பட்டன் 10 டாலருக்கு ஆல்-இன் போனால் என்ன செய்வது?

பழைய பட்டன்:
நண்பரே, நீங்கள் ஃப்ளாப்பில் தவறைத் தேடுகிறீர்கள். தவறு அதற்கு முன்பே, அந்த 90 சென்டிலேயே நடந்துவிட்டது. உங்களுக்கு முன் ஒருவர் உயர்த்தி இன்னொருவர் கால் செய்திருக்கும்போது, வழக்கமான மூன்று மடங்குடன், கால் செய்த ஒவ்வொருவருக்கும் முதல் ரெய்ஸ் அளவுக்கு ஒரு தொகையைச் சேர்ப்பதுதான் முறை. அதன்படி குறைந்தது 1.20 டாலர் வைத்திருக்க வேண்டும். எதற்கும் கால் செய்பவர்கள் நிறைந்த மேசை என்றால் நான் 1.50 வைப்பேன்.

நீங்கள் 90 வைத்ததால் என்ன ஆனது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஸ்மால் பிளைண்ட் தன் முறை வரும்போது, பாட்டில் இருந்த 2.55 டாலருக்காக 85 சென்ட் மட்டும் கட்டினால் போதும். அவருக்குப் பின் முதலில் உயர்த்தியவருக்கு, 3.40 டாலருக்காக 60 சென்ட்; 15 சதவீத வாய்ப்பு (60 சென்டை, அதையும் சேர்த்த 4 டாலரால் வகுத்தால் வருவது) இருந்தாலே அந்தக் கால் சரி. அவர்கள் முட்டாள்தனமாக உள்ளே வரவில்லை. நீங்கள்தான் கதவைத் திறந்துவைத்தீர்கள். இதுவே 1.50 வைத்து, பட்டனும் பிளைண்டுகளும் விலகியிருந்தால், முதலில் உயர்த்தியவர் 2.25 டாலருக்காக 1.20 கட்ட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு தேவை.

சென்னைச் சீட்டுக்காரன்:
2025-இல் வந்த இந்திய இணைய விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கே இணையத்தில் பணம் வைத்து ஆட வழியில்லை. எனவே பழைய அனுபவத்திலிருந்தும் காகிதக் கணக்கிலிருந்தும் எழுதுகிறேன். மேலே சொன்ன தொகையில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் கூட்டத்தை விரட்டுவதே நோக்கம் என்பது போன்ற தொனியை நான் ஏற்கமாட்டேன். எந்தச் சீட்டும் வைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு எதிராகக் கிங் ஜோடி 100-க்கு 82 முறை வெல்லும். அத்தகைய நான்கு பேருக்கு எதிராக ஏறத்தாழ 50 முறைதான் வெல்லும். பாதிக்குப் பாதி தோற்கிறோமே என்று மனம் புலம்பும். ஆனால் ஐந்து பேர் சமமாகப் பணம் போட்ட பாட்டில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று. நீங்கள் வெல்வதோ இரண்டில் ஒன்று. அடிக்கடி தோற்பதும் மொத்தத்தில் இலாபம் பார்ப்பதும் ஒரே சீட்டில் ஒன்றாக நடக்கும் என்பதை மனம் ஏற்க நாளாகும். எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பெரிதாக உயர்த்துவது, பின்தங்கிய சீட்டுடன் வருபவரிடம் முழு விலையை வாங்குவதற்காக.

ஃப்ளாப்பில் நீங்கள் செய்த கால் சரியானதே. 13.70 டாலருக்காக 9.10 கட்டுகிறீர்கள், 40 சதவீதம் இருந்தால் போதும். அப்படி ஆல்-இன் வைப்பவரிடம் 9-8 மட்டும்தான் இருக்கும் என்றில்லை. இரண்டு ஹார்ட் வைத்து ஐந்து ஹார்ட் சேரக் காத்திருப்பவர், பத்து ஜோடிக்காரர், ஒற்றை ஒன்பதை நம்பி நிற்பவர் எல்லோரும் இருப்பார்கள். அவர் காட்டிய சீட்டை வைத்துக்கொண்டு, காட்டுவதற்கு முன் எடுத்த முடிவை எடைபோடாதீர்கள்.

பழைய பட்டன்:
விரட்டும் தொனியைத் திரும்பப் பெறுகிறேன்; விலை வாங்குவது என்பதே பொருத்தம். குயின் ஜோடிக்கு வருகிறேன். பாட்டில் 11.45 டாலர் இருக்கிறது, நீங்கள் கட்ட வேண்டியது 9.70, அதாவது சுமார் 46 சதவீதம் தேவை. இந்தச் சின்ன மேசைகளில், ஒரு ரெய்ஸும் ஒரு ரீ-ரெய்ஸும் நடந்த பிறகு புதிதாக ஒருவர் ஆல்-இன் வருகிறார் என்றால் அது பிளஃப் (வெறும் மிரட்டல்) ஆக இருப்பது அரிது. அவரிடம் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஏஸ் ஜோடிக்கு 6 சேர்க்கைகள், கிங் ஜோடிக்கு 6, ஏஸ்-கிங்குக்கு 16. இவற்றுக்கு எதிராகக் குயின் ஜோடி வெல்வது சுமார் 40 சதவீதம். ஒரு டாலர் வைத்தவரும் இன்னும் பேசவில்லை. வருத்தப்படாமல் விலகுங்கள்.

அதே இடத்தில் உங்களிடம் கிங் ஜோடி இருந்தால் கணக்கு மாறும். இரண்டு கிங் உங்களிடம் இருப்பதால் எதிராளியின் ஏஸ்-கிங் சேர்க்கைகள் 16-இலிருந்து 8 ஆகக் குறைந்தாலும், குயின் ஜோடியையும் அவர் இப்படி ஆடுவார் என்றால் உங்களுக்கு 57 சதவீதம். குயினைச் சேர்க்காவிட்டாலும் 47. ஆகவே கால். பல ஆயிரம் ஆட்டங்களில் ஒருமுறைகூட ரீ-ரெய்ஸ் செய்யாத ஒரு கஞ்சரிடம் மட்டும் நான் கிங்கைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒன்டாரியோத் தமிழன்:
இருவருக்கும் நன்றி. பழைய ஆட்டங்களைப் புரட்டிப் பார்த்தேன்; முன்னால் எத்தனை பேர் கால் செய்திருந்தாலும் நான் மூன்று மடங்கே வைத்திருக்கிறேன். தளத்தில் ரெய்ஸ் பொத்தான் மூன்று மடங்காகவே அமைந்திருப்பதால் யோசிக்காமல் தட்டியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: இனி 1.50 வைத்து, ஒருவரே கால் செய்து, ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தால்?

சென்னைச் சீட்டுக்காரன்:
கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஓர் ஏஸாவது தெரிவது 100-க்கு சுமார் 23 முறை. ஏறக்குறைய நான்கு ஃப்ளாப்புக்கு ஒன்று. பாட் 3.45, கையில் 8.50. ஒருவர் மட்டும் எதிரில் இருந்தால் ஒரு டாலர் போல ஒரு சிறு பெட் வையுங்கள். பத்து ஜோடி, ஜாக் ஜோடி வைத்திருப்பவர்கூட ஒருமுறை கால் செய்வார். அவர் திருப்பி உயர்த்தினால் விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு பேர் இருந்தால் அந்தப் பெட்டும் வேண்டாம், செக் செய்யுங்கள் (பணம் வைக்காமல் முறையைக் கடத்துங்கள்). அந்த மூன்று மடங்குப் பொத்தானை அமைப்புகளுக்குள் போய் இன்றே மாற்றிவிடுங்கள்.