செம்மண் குவாரி ஓரத்தில் வீடு, கிணறு, கம்பம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கொல்லைமேடு
வானூர்ப் பக்கம் எங்கள் ஊர். செம்மண் குவாரி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கொல்லை வேலி வரை வெட்டிக்கொண்டே வந்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் அம்மா பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் வாழைப் பாத்திக்குப் போகவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், குழி விளிம்பை ஒட்டியே நீளமாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். குழிச் சுவரின் பாதி உயரத்தில் அதே தண்ணீர் சோப்பு நுரையோடு கசிந்து வந்தது. மாட்டை உடனே அவிழ்த்து வாசலில் கட்டினோம். அந்த வாரத்திலேயே கொட்டகையின் பின்பாதி குழிக்குள் போய்விட்டது. வீட்டின் பின்சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே இப்போது ஒரு கட்டில் போடும் இடம்தான் மிச்சம்.

தெற்குவெளி
எங்கள் ஊரில் மின்கம்பத்தைச் சுற்றி மட்டும் ஒரு திட்டை விட்டுவிட்டு மற்றதை அள்ளிவிட்டார்கள். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் அடிக்கல் வெளியே வந்து அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மேலே மின்கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். புகார் கொடுத்த பிறகு கம்பத்தை மாற்றினார்கள். திட்டு அப்படியே நிற்கிறது.

பொக்லைன்காரன்
நான் குவாரிகளில் வண்டி ஓட்டியவன். கொல்லைமேடு, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லாக் குழியும் சரியும் என்று பயமுறுத்த வேண்டாம். நல்ல செம்மண் செங்குத்தாக வெட்டினாலும் பல கோடைகள் சுவர் போல நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆபத்து அடியைக் குடைவதில்தான். ஒரு முறை அடியில் குடைந்த இடத்தில் டிப்பர் டிரைவர் ஒருவர் நிழலுக்கு ஒதுங்கி நின்றார். மேலிருந்து பொடிமண் அவர் தோளில் உதிர்ந்தது. ஹாரனை விடாமல் அடித்தேன். அவர் நகர்ந்த இடத்தில் மண் அப்படியே உட்கார்ந்தது.

பழைய சர்வேயர்
பொக்லைன்காரன் தம்பி, கோடையில் நிற்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. காய்ந்த செம்மண்ணைப் பிடித்து வைத்திருப்பதில் உள்ளே இருக்கும் சிறிதளவு ஈரத்துக்கும் பங்கு உண்டு. மழையில் ஊறினால் அந்தப் பிடிப்பு போகும், எடையும் கூடும், வெடிப்பில் நிற்கும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் கிராவல், மொரம் (சரளை கலந்த செம்மண்) போன்ற மண்ணில் சரிவு 45 பாகைக்கு மிகக் கூடாது என்கின்றன; இல்லையென்றால் 1.5 மீட்டர் உயரத்துக்கு மிகாத படிகள், படியின் அகலம் உயரத்துக்குக் குறையாமல். பிறருடைய கட்டடத்திலிருந்து 45 மீட்டருக்குள் தோண்டத் தனி அனுமதி வேண்டும். ஆனால் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: ஆழம் 6 மீட்டருக்கு மிகாமல், 50 பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடி வைக்காமல் நடக்கும் கிராவல் குழிக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் பொருந்தவில்லை. ஆகவே கொல்லைமேடு, முதலில் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டோம் என்று குவாரிக்காரர்கள் சொன்னால் அதோடு திருப்தியடையாதீர்கள். 8 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி, சரிந்து விழும் மண்ணையும் அள்ளிக்கொண்டே போனால், மண் 45 பாகைக்கு வந்து நிற்பதற்குள் அந்த 7.5 மீட்டரும் போய்விடும். விளிம்பை மட்டும் பார்க்காமல், குழியின் அடியிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

வெடிப்பின் இருபுறமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து தேதியோடு எழுதுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் குழாய் வைத்து வாசல் பக்கம் திருப்புங்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடையுங்கள். குழியில் குப்பை கொட்டி நிரப்ப யாராவது முன்வந்தால் சம்மதிக்க வேண்டாம். அது சுவரைத் தாங்காது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள், கனிமவளத் துறைக்கும் ஒரு நகல்.

கொல்லைமேடு
ஐயா, கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தேன். 6 மீட்டருக்கு நன்றாகவே மேல். அளவோடு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னறையில் இப்போது யாரும் படுப்பதில்லை.