புதிய கார் வாங்கும்போது எந்த விலையை வைத்துப் பேரம் பேசுவது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். புதிய கார் ஒன்றை வாங்க முடிவு செய்து, மாடல், வேரியன்ட், நிறம் வரை தேர்ந்தெடுத்துவிட்டேன். விலையைக் குறைத்துத் தருமாறு கேட்டால், ஷோரூம் விலை நிறுவனம் நிர்ணயித்தது, அதில் கைவைக்க இயலாது என்கிறார் விற்பனையாளர். அதற்குப் பதிலாகச் சீட் கவர், தரை விரிப்பு முதலியவற்றை இலவசமாகத் தந்து, என் பழைய காருக்கு வெளிச்சந்தையைவிடக் கூடுதலாகவும் கொடுப்பாராம்; ஆனால் கடனையும் காப்பீட்டையும் அவர்கள் மூலமாகவே எடுக்க வேண்டுமாம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' என்றே திருப்பிக் கேட்கிறார். இந்தச் சலுகைகளால் உண்மையில் லாபம் உண்டா, அல்லது வேறு எங்காவது பிடித்துக்கொள்வார்களா?

பதில் 1:

வணக்கம். மாதத் தவணை எவ்வளவு என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கடன் காலத்தை நீட்டினால் எந்த விலையையும் நீங்கள் சொல்லும் தவணைக்குள் அடக்கிவிடலாம் என்பதால், அதன் பிறகு விலையைப் பற்றிப் பேசவே இடமிருக்காது. இங்கே புதிய காரின் விலை, பழைய காரின் மதிப்பு, கடன், காப்பீடு என்று நான்கு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. நான்கையும் ஒன்றாகக் கலந்து பேசினால், ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் எடுத்துக்கொள்வது அவர்களுக்கு மிக எளிது. ஆகவே பழைய காரைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்து, வரி, பதிவு, காப்பீடு, இதர கட்டணங்கள் அனைத்தும் வரிவாரியாகப் பிரித்துக் காட்டப்பட்ட கொட்டேஷனை முதலில் வாங்குங்கள். வரியிலும் பதிவுக் கட்டணத்திலும் பேரம் பேச ஒன்றுமில்லை. 'கையாளும் கட்டணம்', 'இதர செலவுகள்' என்று பெயரிட்ட கட்டணங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வட்டியிலும் கவனம் தேவை. 5 ஆண்டுக் கடனுக்கு 7 சதவீதம் என்று சொல்லப்படும் வட்டி, கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் கணக்கிடப்படும் நிலையான வட்டியாக இருந்தால், குறையும் நிலுவையின் மீது கணக்கிடும் முறையில் அது ஏறத்தாழ 12.5 சதவீதத்துக்குச் சமம். இந்த வட்டி ஒன்றிலேயே இலவச சீட் கவரின் விலை பலமுறை வசூலாகிவிடும். வங்கியிடமும் வெளிக் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே விலை கேட்டு வைத்திருங்கள்; காப்பீட்டில் வாகனத்தின் மதிப்பும் கூடுதல் பாதுகாப்புகளும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு சரியாக அமையும்.

பதில் 2:

கார் விற்பனைப் பிரிவில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான முகவர்கள் கடன் வாங்கித்தான் வண்டிகளை இருப்பில் வைக்கிறார்கள். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வட்டி ஏறுகிறது. அதனால் நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கும், மாத இறுதியிலோ காலாண்டு இறுதியிலோ இலக்கை எட்ட ஒன்றிரண்டு வண்டிகள் குறையும்போதும், 'கைவைக்க இயலாது' என்ற விலையிலும் கை வைப்பார்கள். நிறத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தால், இருப்பில் நிற்பது எது என்று கேளுங்கள்.

ஆனால் பழைய இருப்பைப் புதிய வண்டியின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது. உற்பத்தி மாதத்தை ஆவணத்தில் காட்டச் சொல்வதோடு, டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். டயர் வண்டியைவிடச் சில மாதங்கள் மூத்ததாக இருப்பது இயல்புதான். ஓராண்டுக்கு மேல் இருந்தால் காரணம் கேளுங்கள், விலையையும் அங்கிருந்தே பேசத் தொடங்குங்கள்.

பதில் 3:

மேலே உள்ளவர்கள் சொன்னது கிடங்கில் தேங்கும் மாடல்களுக்குப் பொருந்தும். காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடல் என்றால் விலையில் பெரிதாக எதுவும் குறையாது. தேவையற்ற உபகரணங்களைத் தலையில் கட்டாமல் இருந்தாலே போதும். அதே மாடலை விற்கும் இன்னொரு முகவரிடமும் கொட்டேஷன் வாங்குங்கள். 'அங்கே குறைவாகச் சொல்கிறார்கள்' என்று வாயால் சொல்வதைவிட, காகிதத்தை மேசையில் வைப்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

கேட்டவர்:

விளக்கமான பதில்களுக்கு மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. முன்பணம் செலுத்தினால்தான் இறுதி விலையை எழுத்தில் தருவோம் என்கிறார்கள். இது வழக்கமா?

பதில் 1:

அப்படிக் கேட்பது உண்டு. நீங்கள் இணங்க வேண்டியதில்லை. பணம் கைமாறிய பிறகு எழுந்து போகும் வசதி உங்களுக்குப் போய்விடுகிறது. இறுதித் தொகை, வேரியன்ட், உற்பத்தி ஆண்டு, டெலிவரி தேதி, இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருட்கள், ரத்து செய்தால் முன்பணம் முழுமையாகத் திரும்புமா என்பது ஆகிய அனைத்தும் கையொப்பத்துடன் வந்த பிறகு, ரசீது பெற்றுக்கொண்டு செலுத்துங்கள். அதற்கு மறுத்தால் இரண்டாவது முகவரிடம் செல்லுங்கள்.